பித்தக்குழாய்ப் புற்றுநோய்: அடைப்பு எங்கே என்பதுதான் முதல் கேள்வி

கண் மஞ்சளாகிறது. ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் ஏறியிருக்கிறது. ஸ்கேன் அறிக்கையில் 'பித்தக்குழாய்கள் விரிந்துள்ளன' என்று ஒரு வரி. அதற்குப் பிறகு வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்லத் தொடங்குகிறார்கள். ஒருவர் கல்லீரல் புற்றுநோய் என்கிறார். இன்னொருவர் பித்தப்பைப் புற்றுநோய் என்கிறார். கணையம்தான் என்று ஒருவர் சொல்ல, வெறும் கல் அடைப்பு, எடுத்தால் சரியாகிவிடும் என்று வேறொருவர் தேற்றுகிறார். இந்த உறுப்புகள் எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருப்பதால் குழப்பம் வருவது இயல்புதான். ஆனால் இவை தனித்தனி நோய்கள். ஒன்றுக்கு உரிய அறுவை மற்றொன்றுக்குப் பொருந்தாது, ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றொன்றுக்குக் கேட்காமல் போகலாம்.

பித்தக்குழாய்ப் புற்றுநோயைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயங்கள் பிடிபட்டால் போதும் என்று நினைக்கிறேன். கட்டி குழாயின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை எல்லாம் அமைகிறது. அப்புறம், அடைப்பை நீக்குவது ஒரு வேலை, புற்றுநோயை நீக்குவது வேறொரு வேலை. இந்த இரண்டாவது விஷயம் புரியாததால் காமாலை இறங்கியதுமே நோய் போய்விட்டது என்று எண்ணி, பொன்னான வாரங்களைப் பலர் இழந்துவிடுகிறார்கள். அது மனதை வருத்துகிற இழப்பு. ஏனென்றால் இந்த நோயில் சில வாரங்கள்கூடக் கணக்கில் வரும்.

பித்தநீர் எங்கிருந்து எங்கே போகிறது

கல்லீரல் நாள் முழுக்கப் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. சாப்பாட்டிலுள்ள கொழுப்பைச் செரிக்க உதவுவது அதன் ஒரு வேலை. உடலுக்கு வேண்டாத சில கழிவுகளைக் குடல் வழியாக வெளியே அனுப்புவது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலை நின்றுபோவதால்தான் இந்த நோயில் பாதித் தொல்லைகள் வருகின்றன.

ஒரு பெரிய வயல்வெளியின் வடிகாலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வயலிலிருந்தும் ஒரு சிறு வாய்க்கால் கிளம்புகிறது. அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றன. கடைசியில் வலப்பக்க வயல்களின் நீர் ஒரு வாய்க்காலிலும், இடப்பக்க வயல்களின் நீர் இன்னொரு வாய்க்காலிலும் வந்து, இரண்டும் கலந்து ஒரே ஓடையாக ஆற்றில் விழுகின்றன. மூலையில் ஒரு சிறு வாய்க்கால் அடைபட்டால் அந்த ஒரு வயலில்தான் நீர் தேங்கும், மற்ற வயல்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கீழே ஓடையில் அடைப்பு விழுந்தால் எல்லா வயலும் மூழ்கிவிடும்.

கல்லீரலில் நடப்பதும் இதுதான். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில் தொடங்கும் பித்தநீர் மெல்ல மெல்லப் பெரிய குழாய்களுக்கு வருகிறது. கடைசியில் வலது குழாய், இடது குழாய் என்று இரண்டாகக் கல்லீரலை விட்டு வெளியே வந்து ஒன்றாகச் சேர்கின்றன. கல்லீரலுக்குள் ரத்தக்குழாய்கள் நுழைவதும் இதே இடத்தில்தான். ஆகவே இதைக் கல்லீரல் வாயில் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஒரே பொதுக் குழாயாகக் கீழே இறங்கி, கணையத்தின் தலைப்பகுதிக்குள் புகுந்து, முன்சிறுகுடலில் திறக்கிறது. இந்தப் பொதுக் குழாயின் உள்ளகலம் சாதாரணமாக 6 மில்லிமீட்டர் அளவுதான். இத்தனை குறுகலான வழியில் சின்ன வளர்ச்சிகூடப் பெரிய அடைப்பாகிவிடும்.

பித்தப்பை இந்த வழியில் பக்கவாட்டில் இணைந்த ஒரு சேமிப்புப் பை. அது பித்தநீரை உண்டாக்குவதில்லை, வாங்கி வைத்துக்கொண்டு, கெட்டியாக்கி, சாப்பிடும்போது பிழிந்து அனுப்புகிறது. அதனால் கல்லுக்காகப் பித்தப்பையை எடுத்துவிட்டவருக்கும் குழாய்கள் அப்படியே இருக்கும், பித்தநீரும் ஓடும். 'பித்தப்பையே இல்லையே, எனக்கு எப்படி வரும்' என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

குழாய்களின் உட்சுவரில் ஒரே வரிசையாக ஒரு வகைச் செல்கள் படர்ந்திருக்கின்றன. அவற்றில் தோன்றும் புற்றுநோய்தான் பித்தக்குழாய்ப் புற்றுநோய். கல்லீரலின் சொந்தச் செல்லில் தோன்றினால் அது கல்லீரல் புற்றுநோய். பித்தப்பைச் சுவரில் தோன்றினால் பித்தப்பைப் புற்றுநோய். குடலில் தோன்றிக் கல்லீரலுக்குப் பரவியிருந்தால் அது குடல் புற்றுநோயே. எந்தச் செல்லில் பிறந்தது என்பதுதான் பெயரை முடிவு செய்கிறது, இப்போது எங்கே தெரிகிறது என்பது அல்ல.

அடைபட்டால் உடலில் என்ன நடக்கிறது

ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது சிதையும்போது உண்டாகும் மஞ்சள் நிறக் கழிவுதான் பிலிருபின். கல்லீரல் அதைப் பிடித்து, நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றி, பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடும். அங்கே நுண்ணுயிர்கள் அதை மேலும் மாற்றுகின்றன. மலத்துக்குப் பழுப்பு நிறம் வருவது இதனால்தான்.

சரி, குழாய் அடைபட்டால்? பிலிருபின் குடலுக்குப் போவதில்லை, ஆகவே மலம் வெளிறிப்போகும். கல்லீரல் ஏற்கெனவே கரையும் வடிவத்துக்கு மாற்றிவைத்த பிலிருபின் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீர் கருத்த பழுப்பாகும். மீதி தோலிலும் கண்ணின் வெள்ளைப் பகுதியிலும் படியும். கூடவே உடல் முழுக்க அரிப்பு. இந்த அரிப்பைப் பலரும் தோல் நோய் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டே இருப்பார்கள். சிலருக்குக் கண் மஞ்சளாவதற்கு முன்பே அரிப்பு வந்துவிடும்.

வெளியே தெரியாத பாதிப்புகளும் உண்டு. பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பு செரிக்காது, கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் உடலில் ஏறாது. அவற்றில் வைட்டமின் கே குறைந்தால் ரத்தம் உறைவது தாமதமாகும். அதனால்தான் ஸ்டென்ட் (அடைப்பில் வழி திறக்க வைக்கும் சிறு குழல்) வைப்பதற்கோ அறுவைக்கோ முன்பு ரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் வைட்டமின் கே ஊசி போடுகிறார்கள். தேங்கிய பித்தநீரில் கிருமி வளர்ந்தால் அது தனி ஆபத்து. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலை ஒரு நோய் அல்ல, அறிகுறி. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைந்தாலும் வரும், வைரஸாலோ மதுவாலோ கல்லீரல் அழற்சி கண்டாலும் வரும், வெளியேறும் வழி அடைபட்டாலும் வரும். மூன்றுக்கும் மருத்துவம் வேறு. எந்த வகை என்று பார்க்காமல் 'காமாலைக்கு மருந்து' என்று ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பது அடைப்பு வகையில் மிகப் பெரிய நஷ்டம். நிறத்தை மட்டும் வைத்து வீட்டிலேயே முடிவு செய்துவிடவும் முடியாது. வைரஸ் காமாலையிலும் சிறுநீர் கருக்கும். ஆனால் வலியே இல்லாமல் காமாலை ஏறிக்கொண்டே போவது, வெளிறிய மலம், அரிப்பு, காரணமில்லாத எடைக்குறைவு, இவை சேர்ந்து வந்தால் ஸ்கேன் எடுக்காமல் இருக்கவே கூடாது. கல் அடைப்பில் பெரும்பாலும் நல்ல வலி இருக்கும். புற்றுநோய் அடைப்பு பல நேரம் சத்தமில்லாமல் வரும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பித்தநீருக்கு வெளியேற ஒரே வழி, அது அடைபட்டால் கழிவு ரத்தத்தில் ஏறுகிறது, மஞ்சள் நிறம் அதன் அடையாளம்.

மூன்று இடங்கள்

பித்தக்குழாய்ப் புற்றுநோயை இடத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். உள்குழாய்ப் புற்றுநோய் கல்லீரலுக்குள்ளேயே இருக்கும் கிளைகளில் வருவது. கல்லீரல் வாயில் புற்றுநோய் என்பது வலது, இடது குழாய்கள் சேரும் சந்திப்பில் வருவது. கீழ்க்குழாய்ப் புற்றுநோய் அதற்குக் கீழே, கணையத்தை ஒட்டிய பகுதியில் வருவது.

இவற்றில் அதிகம் காணப்படுவது கல்லீரல் வாயில் புற்றுநோய். மொத்தத்தில் பாதிக்கு மேல் இதுதான். 1965ல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் கிளாட்ஸ்கின் இப்படிப்பட்ட 13 நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். அதனால் இன்றும் பல அறிக்கைகளில் 'கிளாட்ஸ்கின் கட்டி' என்று இருக்கும். அது புதிதாக ஏதோ ஒரு நோய் என்று பயப்பட வேண்டாம், இந்தச் சந்திப்பில் உள்ள பித்தக்குழாய்ப் புற்றுநோயின் இன்னொரு பெயர்தான். இரண்டு பக்கத்து வழியும் ஒன்றாகும் இடம் என்பதால் கட்டி சிறிதாக இருக்கும்போதே காமாலை வந்துவிடலாம்.

கீழ்க்குழாயில் வந்தாலும் காமாலைதான் முதல் அறிகுறி. ஆனால் ஸ்கேனில் பார்க்கக் கணையத் தலைப் புற்றுநோய் போலவே இருக்கும். சில சமயம் அறுவைக்குப் பிறகு எடுத்த திசுவைச் சோதித்த பின்பே எந்தச் செல்லில் தொடங்கியது என்று உறுதியாகத் தெரியவரும்.

உள்குழாய் வகை முற்றிலும் வேறு மாதிரி. ஒரு கிளை அடைபட்டாலும் மற்ற கிளைகள் வழியே பித்தநீர் ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே பெரும்பாலும் காமாலை வராது. வயிற்றில் இனம் புரியாத கனம், சோர்வு, எடைக்குறைவு என்றுதான் தெரியும். அல்லது வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாக அகப்படும். அதற்குள் கட்டி பெரிதாகியிருப்பது வழக்கம். வேறெங்கிருந்தோ கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோய் என்று தவறாக எண்ணி, மூல இடத்தைத் தேடித் தேடி நாட்கள் போவதும் இந்த வகையில்தான்.

'ஸ்கேனில் கட்டியே தெரியவில்லை, பிறகு எப்படிப் புற்றுநோய்?' என்று ஒரு நியாயமான கேள்வி எழும். வாயில், கீழ்க்குழாய் வகைகள் பெரும்பாலும் உருண்டையான கட்டியாக வளர்வதில்லை. குழாய்ச் சுவருக்குள்ளேயே நீளவாக்கில் ஊர்ந்து, சுற்றிலும் கெட்டியான நார்த்திசுவை உண்டாக்கி, குழாயை இறுக்குகின்றன. ஸ்கேனில் தெரிவது குழாயின் ஒரு குறுகல் மட்டும்தான். அறிக்கையில் 'சுருக்கம்' என்று எழுதியிருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

யாருக்கு வருகிறது

இது அரிதான புற்றுநோய். பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. குறிப்பிட்ட காரணம் எதுவும் தெரியாமலே வருவதுதான் அதிகம். ஆகவே 'என்ன தப்புச் செய்தேன்' என்று நோயாளி தன்னை வருத்திக்கொள்ளத் தேவையே இல்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயும் அல்ல.

தெரிந்த காரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு: குழாய்ச் சுவரில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சி. செல்கள் சிதைந்து, மீண்டும் மீண்டும் புதிதாகப் பிரியும்போது மரபணுவில் பிழைகள் சேர்கின்றன. குழாய்கள் தாமாகவே அழற்சி கண்டு தழும்பேறும் ஒரு நோய் இருக்கிறது. பெருங்குடல் புண் அழற்சி உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்படும். அவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல் என்பதால் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். பிறவியிலேயே குழாய் பை போல விரிந்திருப்பது, கல்லீரலுக்குள்ளேயே கற்கள் தங்குவது ஆகியவையும் இதே வழியில் வேலை செய்கின்றன. கல்லீரல் சுருக்க நோயும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களும் குறிப்பாக உள்குழாய் வகைக்கான ஆபத்தைக் கூட்டுகின்றன.

உலகிலேயே இந்த நோய் மிக அதிகமாக உள்ள இடம் தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதி. அங்கே சரியாக வேகாத நன்னீர் மீன் வழியாக உடலுக்குள் போகும் ஒரு வகைத் தட்டைப்புழு, பித்தக்குழாயிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்து சுவரை அரிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994ல் அந்தப் புழுவைப் புற்றுநோய்க் காரணி என்று உறுதி செய்தது. ஜப்பானில் ஒசாகாவில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தவர்களில், இளம் வயதினர் உட்பட 17 பேருக்கு இந்த நோய் வந்தது. 2012 வாக்கில் அது வெளியே தெரிந்தது. அச்சு உருளைகளைத் துடைக்கப் பயன்படுத்திய டைகுளோரோபுரொப்பேன் என்ற கரைப்பான்தான் காரணம் என்று பிறகு நிறுவப்பட்டது. காற்றோட்டமில்லாத அறையில் அதை நாள்தோறும் சுவாசித்தவர்கள் அவர்கள். வேலை செய்யும் இடத்தின் பாதுகாப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த நோயில் இல்லை.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்

முதலில் ரத்தம். பிலிருபினில் நேரடி வகை, அதாவது கல்லீரல் ஏற்கெனவே மாற்றிவைத்த கரையும் வகை, அதிகம் ஏறியிருந்து, அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் கூடியிருந்தால் அடைப்பு என்ற சந்தேகம் வலுக்கும். அடுத்தது அல்ட்ராசவுண்ட். குழாய் எதுவரை விரிந்திருக்கிறது, எங்கே விரிவு நிற்கிறது என்று பார்த்தால் அடைப்பின் இடம் ஓரளவு தெரியும். உள்கிளைகள் விரிந்து பொதுக் குழாய் இயல்பாக இருந்தால் அடைப்பு வாயிலில். எல்லாமே விரிந்திருந்தால் கீழே.

அதன் பிறகு சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.சி.பி. எனப்படும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும். எம்.ஆர்.சி.பி. என்பது உடலுக்குள் எதையும் நுழைக்காமல் குழாய்களின் முழு வரைபடத்தையும் எடுத்துத் தரும் ஸ்கேன். இதில் வரிசை ரொம்ப முக்கியம். காமாலை ஏறிவிட்டது என்ற பதற்றத்தில் முதலில் ஸ்டென்ட் வைத்துவிட்டுப் பிறகு ஸ்கேன் எடுத்தால், தேங்கியிருந்த பித்தநீர் வடிந்து குழாய் சுருங்கிவிடும், ஸ்டென்டைச் சுற்றி அழற்சியும் வரும். கட்டி எதுவரை போயிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியாது. அறுவை செய்ய முடியுமா என்ற முடிவே அந்தப் படத்தை நம்பித்தான் இருக்கிறது. காய்ச்சலும் கிருமித் தொற்றும் இருந்து உடனே வடித்தே ஆக வேண்டும் என்றால் வேறு வழியில்லை. அப்படி இல்லாவிட்டால் 'ஸ்டென்டுக்கு முன் முழு ஸ்கேன் எடுத்துவிடலாமா, டாக்டர்?' என்று கேட்பதில் தவறே இல்லை.

சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றி நிறைய பயமும் நிறைய நம்பிக்கையும் உலவுகின்றன. இரண்டுமே அளவுக்கு மீறியவை. வெறும் கல் அடைப்பிலும் குழாயில் கிருமித் தொற்றிலும்கூட இந்த எண் பல மடங்கு ஏறும். மறுபக்கம், மக்களில் ஒரு சிறு பகுதியினரின் உடல் இந்தப் பொருளை உண்டாக்கவே செய்யாது. அவர்களுக்கு நோய் முற்றினாலும் எண் ஏறாது. ஆகவே இது மட்டும் கூடினால் புற்றுநோய் என்றோ, கூடாவிட்டால் இல்லை என்றோ சொல்ல முடியாது. அடைப்பு நீங்கிய பிறகு மீண்டும் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. சிகிச்சை கேட்கிறதா என்று தொடர்ந்து கவனிக்க அது நல்ல துணை.

கடைசியாகத் திசு. இ.ஆர்.சி.பி. என்பது வாய் வழியாகக் குழல் கேமராவை முன்சிறுகுடல் வரை இறக்கி, குழாயின் திறப்பில் நுழையும் முறை. அதன் வழியே சிறு தூரிகையால் குறுகலான இடத்தைச் சுரண்டிச் செல்களை எடுப்பார்கள். முன்பு சொன்ன நார்த்திசுதான் இங்கே தடை. புற்றுச் செல்கள் குறைவாகவும் நார் அதிகமாகவும் இருப்பதால் தூரிகையில் பல நேரம் ஒன்றும் சிக்காது. 'பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை' என்று வந்தால் குடும்பமே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. இந்த நோயில் அந்த விடைக்கு 'எடுத்த துளியில் கிடைக்கவில்லை' என்பதுதான் பொருள். மறுபடி எடுப்பார்கள், அல்லது குழாய்க்குள்ளேயே நுழையும் மெல்லிய கேமராவால் நேரில் பார்த்து எடுப்பார்கள். ஸ்கேன் தெளிவாக இருந்து, அறுவைக்கு ஏற்ற நிலையும் இருந்தால், திசு விடை இல்லாமலேயே அறுவைக்குப் போவதும் உண்டு. அது அவசரமோ அலட்சியமோ அல்ல, ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான்.

புற்றுநோய் போலவே நடிக்கும் ஒரு நோயையும் இங்கே சொல்லியாக வேண்டும். உடலின் எதிர்ப்பு மண்டலமே குழாயைத் தாக்கி இதே போன்ற குறுகலை உண்டாக்கலாம். அதில் ஐ.ஜி.ஜி.4 என்ற ரத்தப் புரதம் பெரும்பாலும் கூடியிருக்கும். ஸ்டீராய்டு மாத்திரையிலேயே அது நன்றாக இறங்கிவிடும். பெரிய அறுவைக்கு முன்பு அதை ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.

அடைப்பைத் திறப்பது

ஸ்டென்ட் என்பது குறுகலான இடத்தில் வழி திறந்தே இருக்கும்படி வைக்கும் சிறு குழல். பிளாஸ்டிக் ஸ்டென்ட் விரைவில் அடைபடும், சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். தானாக விரியும் உலோக ஸ்டென்ட் கூடுதல் காலம் தாங்கும். வாயில் பகுதி அடைப்புகளில் கீழிருந்து எட்டுவது சிரமம் என்றால், தோல் வழியாக ஊசியைக் கல்லீரலுக்குள் செலுத்திப் பித்தநீரை வெளியே ஒரு பைக்கு வடிப்பார்கள்.

ஸ்டென்ட் வைத்ததும் மஞ்சள் இறங்கும், அரிப்பு அடங்கும், பசி திரும்பும். அந்த மாற்றம் உண்மையானது, மகிழ வேண்டியதும்கூட. ஆனால் கட்டி அங்கேயேதான் இருக்கிறது. ஸ்டென்ட் அதை ஒதுக்கி வழி விட்டிருக்கிறது, அவ்வளவுதான். கல்லீரல் மீண்டும் வேலை செய்யத் தொடங்கினால்தான் கீமோதெரபி மருந்தையோ பெரிய அறுவையையோ உடல் தாங்கும். அதற்கான தயாரிப்பாகவே இதைப் பார்க்க வேண்டும்.

அறுவை

முழுமையாகக் குணமாகும் வாய்ப்பைத் தருவது அறுவைதான். கண்டறியப்படும்போது அதற்கு ஏற்ற நிலையில் இருப்பவர்கள் சிறுபான்மை என்பது வருத்தமான உண்மை. எந்த அறுவை என்பதையும் இடமே முடிவு செய்கிறது. உள்குழாய் வகையென்றால் கல்லீரலின் அந்தப் பகுதியை அகற்றுவார்கள். வாயில் வகையில் சந்திப்போடு கல்லீரலின் ஒரு பாதியையும் எடுத்துவிட்டு, மிஞ்சிய குழாயைச் சிறுகுடலோடு நேரடியாக இணைப்பார்கள். கீழ்க்குழாய் வகையில் கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, குழாயின் கீழ்ப்பகுதி எல்லாம் சேர்த்து அகற்றப்படும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1935ல் விவரித்ததால் அதற்கு விப்பிள் அறுவை என்று பெயர்.

'குழாயில்தானே நோய், கல்லீரலில் பாதியை ஏன் எடுக்க வேண்டும்?' என்று கேட்பார்கள். கட்டி சுவருக்குள் ஊர்ந்து கிளைகளுக்குள் ஏறியிருக்கும். வெட்டும் விளிம்பில் ஒரு புற்றுச் செல்கூட மிஞ்சக் கூடாது. அதற்காகத்தான். கல்லீரல் வளரக்கூடிய உறுப்பு. ஆரோக்கியமான கல்லீரலில் கால் பங்குக்குச் சற்று மேல் மிஞ்சினாலும் உடல் தாங்கும், பிறகு அது பெருத்துக்கொள்ளும். காமாலையில் நைந்த கல்லீரல் என்றால் கூடுதலாக, சுமார் 40 சதவீதம் வரை மிஞ்ச வேண்டும். அவ்வளவு மிஞ்சாது என்று கணக்கில் தெரிந்தால், எடுக்கப்போகும் பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாயை முன்கூட்டியே அடைத்துவிடுவார்கள். சில வாரங்களில் மறுபக்கம் பெருக்கும், அதன் பிறகு அறுவை. இந்தக் காத்திருப்பைத் தாமதம் என்று எண்ணி இடம் மாற்றிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. இது திட்டமிட்ட காத்திருப்பு. அதே சமயம், இந்த அறுவைகளை அடிக்கடி செய்யும் மையத்துக்குப் போய்ச் சேர்வது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'அறுவை முடியாது' என்று ஓரிடத்தில் சொன்னால், அப்படிப்பட்ட ஒரு மையத்தில் இரண்டாவது கருத்துக் கேட்பது நோயாளியின் உரிமை.

அறுவைக்குப் பிறகு ஆறு மாதம் அளவுக்குக் கேப்சைட்டபின் என்ற கீமோதெரபி மாத்திரை கொடுப்பது, 2019ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வுக்குப் பிறகு வழக்கமாகிவிட்டது.

கல்லீரல் வாயிலில் உள்ள சிறிய புற்றுநோயை வெட்டி எடுக்க முடியாத நிலையில், வெளியே எங்கும் பரவாமலும் இருந்தால், கதிர்வீச்சும் கீமோதெரபியும் கொடுத்த பிறகு கல்லீரல் மாற்று அறுவை செய்யும் முறை இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1990களில் உருவான முறை இது. கட்டி 3 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற கடுமையான நிபந்தனைகள் உண்டு. அவற்றில் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது: வயிற்றுச் சுவர் வழியாக ஊசி குத்திக் கட்டியிலிருந்து திசு எடுத்திருந்தால், ஊசி போன பாதையில் செல்கள் சிதறியிருக்கலாம் என்பதால் இந்த வாய்ப்புப் பறிபோய்விடும். எந்த வழியில் பயாப்ஸி எடுப்பது என்பதை அறுவை மருத்துவரோடு பேசிவிட்டு முடிவு செய்யச் சொல்வது இதனால்தான்.

அறுவை முடியாதபோது

2010ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ஜெம்சைட்டபின் என்ற கீமோதெரபி மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது சராசரி ஆயுள் 8.1 மாதமாகவும், அதோடு சிஸ்பிளாட்டின் சேர்த்தபோது 11.7 மாதமாகவும் இருந்தது. அன்றிலிருந்து இந்த இரட்டை மருந்துதான் அடித்தளம். இங்கே சராசரி என்றால் பாதிப் பேர் அதைவிடக் குறைவாகவும் பாதிப் பேர் அதைவிடக் கூடுதலாகவும் இருந்தார்கள் என்று பொருள். ஒருவருக்கு மிஞ்சியிருக்கும் நாட்களின் எண்ணிக்கை அது அல்ல. 2022ல் வந்த ஆய்வு இந்த இரண்டோடு துர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்தது. இம்யூனோதெரபி என்பது புற்றுச் செல்கள் எதிர்ப்பு மண்டலத்தின் மேல் போட்டுவைத்திருக்கும் தடையை நீக்கி, உடலே அவற்றைத் தாக்கச் செய்வது. இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் பழைய முறையில் பத்தில் ஒருவர், புதிய முறையில் நாலில் ஒருவர். பெரும்பான்மைக்கு இன்னும் போதாத மருந்துதான், ஆனாலும் அந்த நாலில் ஒருவருக்கு இது ஒரு வாழ்நாள் வித்தியாசம்.

அடுத்த பெரிய மாற்றம் மரபணுப் பரிசோதனையால் வந்தது. கட்டியின் மரபணுவில் என்ன பிழை என்று பார்த்து, அந்தப் பிழையை மட்டும் தடுக்கும் மாத்திரையைக் கொடுப்பது இலக்கு சிகிச்சை. உள்குழாய் வகையில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 என்ற மரபணு வேறொரு மரபணுவோடு தவறாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பெமிகாடினிப் மருந்தை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020ல் ஒப்புக்கொண்டது. ஐ.டி.எச்.1 என்ற மரபணுப் பிழைக்கு ஐவோசிடெனிப் 2021ல் வந்தது. மார்பகப் புற்றுநோயில் பெயர் கேட்ட ஹெர்2, இன்னும் சில பிழைகளுக்கும் மருந்துகள் உண்டு. இங்கேயும் இடம் குறுக்கிடுகிறது: முதலில் சொன்ன இரண்டும் பெரும்பாலும் உள்குழாய் வகையில்தான் கிடைக்கும், ஹெர்2 பித்தப்பையிலும் கல்லீரலுக்கு வெளியே உள்ள குழாய்களிலும் கூடுதலாகக் காணப்படும். முதல் கீமோதெரபி தொடங்கும்போதே மரபணுப் பரிசோதனைக்கும் திசுவை அனுப்பிவிட்டால், பின்னால் தேவைப்படும்போது விடை கையில் இருக்கும். திசு போதாவிட்டால் ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் மரபணுத் துணுக்குகளை வைத்தும் ஓரளவு பார்க்கலாம்.

கட்டி கல்லீரலுக்குள் மட்டும் இருந்தால், கதிரியக்கத் துகள்களை ரத்தக்குழாய் வழியே நேராகக் கட்டிக்கு அனுப்புவது போன்ற முறைகளையும் சில மையங்களில் செய்கிறார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

இந்த நோயில் கட்டியைவிட முந்திக்கொண்டு உயிருக்கு ஆபத்தாவது பல நேரம் குழாயில் வரும் கிருமித் தொற்றுதான். ஸ்டென்ட் உள்ளவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, மஞ்சள் திரும்பினாலோ, வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ, பாரசிட்டமால் போட்டுவிட்டுக் காலை வரை காத்திருக்கக் கூடாது. ஸ்டென்ட் அடைபட்டிருக்கும். நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக்கும், பெரும்பாலும் ஸ்டென்ட் மாற்றுவதும் உடனே தேவைப்படும். சில மணி நேரத்திலேயே ரத்த அழுத்தம் விழுந்துவிடக்கூடிய நிலை அது.

வலியையும் பொறுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மாத்திரைகளுக்கு மேல், மேல்வயிற்றின் வலி நரம்புப் பின்னலையே மரக்கச் செய்யும் ஊசி உண்டு. விப்பிள் அறுவைக்குப் பிறகு எண்ணெய்ப் பிசுக்கோடு மலம் போனால் கணைய நொதி மாத்திரை சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். நோய்த்தணிப்பு மருத்துவம் என்றாலே கடைசி நாட்களுக்கானது என்று பலர் அஞ்சி ஒதுங்குகிறார்கள். வலி, அரிப்பு, பசியின்மை, தூக்கமின்மை இவற்றைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு அது. கீமோதெரபி நடந்துகொண்டிருக்கும்போதே அங்கேயும் போகலாம், முதல் மாதத்திலேயே போவது நல்லது.

ஸ்டென்ட் பிளாஸ்டிக்கா உலோகமா, எந்தத் தேதியில் வைத்தது, எப்போது மாற்ற வேண்டும், கடைசியாகப் பார்த்த பிலிருபின் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி, ஸ்கேன் படங்களின் நகலோடு ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவர் அந்த நோயாளியை முன்பின் பார்த்திருக்க மாட்டார். அவர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.